பதினாறு மணி இருபது நிமிடம்

பாலக்கரை ரவுண்டானாவை ஒட்டிய சுவரில் பிச்சமுத்து பசையை இழுத்துவிட்டு, கக்கத்துச் சுருளிலிருந்து ஒரு தாளை உருவி ஒட்டினார். நெற்றியிலிருந்து தாடைவரை உள்ளங்கையால் ஒரே நீவு. கன்னத்தில் காற்று நின்று புடைத்த இடத்தை விரலை மடித்துத் தள்ளிச் சமன்செய்தார். ஆசீரின் அப்பா சுவரில் சரியாக உட்கார்ந்துகொண்டார். ஓய்வுபெற்ற நடத்துநர் கிளமென்ட், வயது 68. நல்லடக்கம், புதன் மாலை 4.30.

ஆசீர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தெந்தத் தெருவில் ஒட்ட வேண்டும் என்று காட்ட வந்திருந்தான். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைவிட இது லேசாக இருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா டிக்கெட்டை அனுப்பியிருந்தாள்.

வான்கூவர், ஹாங்காங், சிங்கப்பூர், திருச்சிராப்பள்ளி. மூன்று விமானங்கள். கடைசி வரியை அவன் இரண்டு முறை படித்தான். திருச்சியில் இறங்குவது வியாழக்கிழமை காலை ஏழு ஐந்து. மூன்றாம் முறை படித்தபோதும் அது வியாழக்கிழமையாகவே இருந்தது.

டிக்கெட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். 'நான் வர்ற வரைக்கும் அப்பா இருப்பாருல்ல?'

யோசிப்பதற்கு முன்பே அவன் விரல் 'இருப்பாரு' என்று அடித்து அனுப்பிவிட்டது.

"என்ன தம்பி, ஏதும் தப்பா அடிச்சுட்டாங்களா?" பிச்சமுத்து பசை வாளியைக் கீழே வைத்தார். "பேரு சரியாத்தானே இருக்கு?"

"பேரு சரிதாங்க."

"அப்ப அடுத்து பீமநகர் போயிரலாமா?"

ஆசீர் சுவரைப் பார்த்தான். தாளின் கீழ் ஓரத்தில் பசை வழிந்து கொண்டிருந்தது. போகலாம் என்று தலையாட்டினான்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணிக்கு, பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவதற்காகச் செய்தித்தாள்களை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா, முடிச்சைப் போட்டுவிட்டு அந்தக் கட்டின் மேலேயே தலையைச் சாய்த்தார். இளைப்பாறுகிறார் என்று அம்மா நினைத்தாள். அடுத்த தெரு டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையை மெதுவாக மார்பின் மேல் எடுத்து வைத்தார்.

அக்கா ஃபெமினாவுக்கு அப்போது திங்கள் இரவு. செய்தியைச் சொன்னதும் வான்கூவரில் ஏதோ ஒரு குழாய் ஒழுகும் சத்தம் மட்டும் பாலக்கரைவரை கேட்டது. பிறகு, டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதியம் பங்குத்தந்தை போனில் கேட்டார், மகள் எப்போது வந்து சேர்வாள் என்று. கூடத்தில் இருந்த எல்லோரும் ஆசீரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து ஊருக்கு ஊர் தூரம் அளக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவன். போனில் வான்கூவர் என்றும் திருச்சி என்றும் தட்டினான். ஒரு பக்கம் திறந்தது. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நீல வில் ஒன்று வளைந்து கிடந்தது. தூரம் பதின்மூன்றாயிரத்துப் பத்து கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாறு மணி இருபது நிமிடம்.

"பதினாறு மணி நேரந்தான் ஃபாதர். இன்னிக்கு ராத்திரி கிளம்பினாக்கூட நாளைக்கு மத்தியானம் வந்துடுவா" என்று சொன்னான். சொன்னபோது அவன் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நாளில் அவனுக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் அந்த எண்தான்.

அது உலக உருண்டையின் மேல் நூல் போகிற வழி. அந்த வழியில் விமானம் எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வருஷா வருஷம் தானே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். அந்த ஒரு மதியத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. ஹாங்காங்கில் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும், சிங்கப்பூரில் இன்னொரு நாலு மணி நேரமும் அந்த நீல வில்லுக்குள் இல்லை. முதல் விமானத்தில் இடமில்லாமல் மறுநாள் மதியம்வரை அக்கா காத்திருக்க வேண்டியிருந்ததும் அதில் இல்லை.

அவன் சொன்ன எண்ணை வைத்து ஃபாதர் புதன் மாலை நாலரைக்குப் பூசை குறித்தார். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குச் சொன்னார்கள். பெரிய மாமா மரியலூயிஸ் லால்குடி, மணப்பாறை உறவுகளுக்கெல்லாம் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் போஸ்டரும் அச்சாகி வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா வெள்ளைச் சட்டையில் கிடந்தார். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, முகம் கொஞ்சம் தள்ளிப்போனதுபோல் தெரிந்தது. அன்பியம் என்கிற பங்கு ஜெபக் குழுவின் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆசீர் அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். லூர்துராணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டுப் பானுமதி கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிப்போய் மேடையில் இருந்தது. அவன் போனைக் காட்டினான். கண்ணாடி இல்லாததால் எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. படித்துச் சொன்னான்.

"வியாழக்கிழமையா?" என்றாள்.

"நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன்."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் காப்பி டம்ளரை எடுத்து ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

அவர்கள் இருவருக்கும் தெரியும். இது பாடுகளின் வாரம். புதன்கிழமையோடு சரி. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி, உயிர்ப்பு ஞாயிறு, இந்த நாலு நாளும் யார் செத்தாலும் அடக்கப் பூசை கிடையாது. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்துக் குழியில் இறக்கலாம், அவ்வளவுதான். பூசை வேண்டுமென்றால் திங்கட்கிழமைவரை வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை கரண்ட் போகிற தெருவில், ஆறு நாள்.

"பூசை இல்லாட்டி என்னம்மா? மந்திரிப்பாங்கல்ல. அக்காகிட்ட நான் வார்த்தை குடுத்துட்டேன்."

லூர்துராணி கதவைப் பாதி சாத்தினாள். ஜெபமாலைச் சத்தம் அடங்கிப்போய்க் கேட்டது.

"ஒங்கப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு."

"தெரியும். காய்ச்சல்ல போனவரு."

"காய்ச்சல் இல்ல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"இருபத்தி நாலு வயசு. தானா செஞ்சுக்கிட்டது. அப்பல்லாம் அப்படிப் போனவங்களுக்குக் கோயில் கதவத் தொறக்க மாட்டாங்க. பூசை இல்ல, மணி இல்ல. கல்லறையில மதிலோரமா ஒரு குழி. ஒங்கப்பாதான் ஒரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டுப் போனாரு. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ எங்கிட்டச் சொன்னாரு. 'என்னை மட்டும் பூசை இல்லாம அனுப்பிடாத லூர்து'ன்னு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

கோயிலுக்கு ஒழுங்காகப் போகாத மனிதர் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார். அம்மா முணுமுணுப்பாள். அதெல்லாம் ஏன் என்று ஆசீர் ஒரு நாளும் யோசித்ததில்லை. முப்பத்திரண்டு வயதில் அடுக்களையில் நின்றுகொண்டு அவன் அப்பாவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பார்க்கிறதற்கு அவர் இல்லை.

"அப்ப அக்கா?" என்றான்.

அம்மா கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஏழரை மணிக்கு ஃபாதர் ஜெபம் சொல்ல வந்தார். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் ஆசீர் தன் தவறைச் சொன்னான். இளம் வயதுக்காரர். குறை சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னார். நாளைக்கே பூசை வைத்து அடக்கம் செய்துவிடலாம், மகள் வந்து கல்லறையில் மாலை போடட்டும். இல்லையென்றால் வியாழக்கிழமை பூசை இல்லாமல் அடக்கம். எது என்று குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

மரியலூயிஸ் மாமாவுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, உறவுகள் பஸ் ஏறிவிட்டன, ஒருத்திக்காக நிறுத்தினால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்றார். ஆசீர் பக்கம் திரும்பி, "பிள்ளைங்களுக்குப் பூகோளம் நடத்துற வாத்தியாரு மாப்ள நீங்க. நல்லாக் கணக்குப் போட்டீங்க" என்றார். நாற்காலிகளில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

லூர்துராணி ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பேசி ஓயும்வரை காத்திருந்து, ஃபாதரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, பூசை முடிஞ்ச உடனே குழிக்குள்ள எறக்கணும்னு சட்டம் ஏதும் இருக்குங்களா?"

ஃபாதர் நிமிர்ந்தார்.

"நாளைக்குப் பூசை வச்சிருங்க. முடிஞ்சதும் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுறோம். நாளான்னைக்கு எம்மக வந்து பாத்ததும் நீங்க வந்து மந்திரிச்சு எடுத்துக்குங்க."

ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் நின்று, ஒரு குலுக்குக் குலுக்கி, மறுபடி ஓட ஆரம்பித்தது. பூசைக்கும் அடக்கத்துக்கும் நடுவே ஒரு ராத்திரி போனால் தப்பில்லை என்று ஃபாதர் மெதுவாகச் சொன்னார். ஆனால் இந்தத் தெரு ஒத்துக்கொள்ளுமா என்பதை அவர் சொல்ல முடியாது என்றார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "என்ன லூர்து பேசுற? வாசல் தாண்டிக் கோயிலுக்குப் போன சவம் வீடு திரும்புமா? எங்கயாவது கேட்டிருக்கியா? வீட்டுக்கு ஆகுமா, தெருவுக்கு ஆகுமா?"

"இருபத்தெட்டு வருஷம் ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்குமா போயிட்டுப் போயிட்டு வந்தவருதானே அண்ணே" என்றாள் அம்மா. "இன்னும் ஒரு ட்ரிப் வரட்டும்."

மாமா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பூசைக்கு வருவேன், அதற்கு மேல் கேட்காதே என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

புதன்கிழமை பத்து மணிக்கு லக்ஷ்மணன் வந்தார். அப்பாவோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்தவர், ஸ்ரீரங்கத்துக்காரர். அதே ஒன்றாம் நம்பரில்தான் நின்றுகொண்டு வந்திருந்தார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அதன் முனைகளை நேராக்கினார். பிறகு ஆசீரிடம் சொன்னார்.

"ரெண்டு ரூபா சில்லறைக்கு மாம்பழச்சாலையிலேர்ந்து சத்திரம் வரைக்கும் சண்ட போடுவான். இப்பப் பாரு, எவ்ளோ அமரிக்கையா இருக்கான்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டு இருமலாக வெளியே வந்தது.

ஆசீர் நடந்ததை அவரிடம் சொன்னான். இருபத்தொன்பதரை மணி நேரப் பயணம் என்று சொன்னதும், நம்ம ரூட்டில் எத்தனை ட்ரிப் என்று லக்ஷ்மணன் கேட்டார். அப்பாவும் அப்படித்தான் கேட்பார். அக்கா ஒவ்வொரு தடவை விமானம் ஏறும்போதும் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதை முக்கால் மணி நேர ட்ரிப்பாக மாற்றினால்தான் அவருக்குத் தூரம் பிடிபடும். ஆசீர் கணக்குப் போட்டான். முப்பத்தொன்பது ட்ரிப். சொல்வதற்கு முன் இன்னொரு தடவை போட்டுச் சரிபார்த்துக்கொண்டான்.

"நாலஞ்சு நாள் டூட்டி" என்றார் லக்ஷ்மணன். "சாப்பாடு, டீ எல்லாம் சேத்து." பிறகு, பெட்டி தூக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். போகும்போது இருக்கிறது, வரும்போதுதான் தெரியவில்லை என்றான் ஆசீர். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போன் பண்ணி, வர நேரமாகும், கேள்வி கேட்காதே என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்கு அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றித் தூக்கினார்கள். கால் முன்னே, தலை பின்னே. கோயிலில் மணி அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் நடுவே விடுகிற இடைவெளியில் ரவுண்டானாவில் பஸ்களின் ஹாரன் கேட்டது. ஆசீர் முதல் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் பாட்டுப் பாடவில்லை, அழவில்லை. ஃபாதர் தூபம் காட்டிப் பெட்டியைச் சுற்றி வரும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றையும் கண்ணால் எண்ணுவதுபோல் பார்த்தாள். முடிந்ததும் பெஞ்சின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். இவ்வளவு நேரமும் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அந்த விரல்களில் தெரிந்தது.

அமரர் ஊர்தி கோயில் வாசலைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பினால் கல்லறை. வலது பக்கம் வீடு. அன்பியத்து ஆண்கள் வழக்கம்போல் இடது பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் வண்டி வலது பக்கம் திரும்பியபோது அத்தனை பேரும் நின்றார்கள். மரியலூயிஸ் மாமா கையில் ஒரு பிடி பூவோடு நடுரோட்டில் நின்றார். போட வேண்டிய குழி வேறு பக்கம் இருந்தது. அவர் பூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

தெருவுக்குள் வண்டி வந்தபோது இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சத்தம் போடாமல்தான் சாத்தினார்கள். ஒரு வீட்டில் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் பானுமதி விளக்குமாறும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். பிணம் எடுத்த வீட்டைக் கழுவிவிடுவது எந்த வீட்டுக்கும் அவள் செய்கிற உதவி. பழக்கத்தில் கூடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டாள். ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிச் சுவரோரம் தள்ளியிருந்தாள்.

"ஐயோ, மறந்தே போச்சும்மா" என்று லூர்துராணியின் கையைப் பிடித்தாள்.

"காஞ்சிரும், விடுங்க" என்றாள் அம்மா.

வண்டியிலிருந்து பெட்டியை இறக்க ஆறு பேர் வேண்டும். ஆசீர், லக்ஷ்மணன், வண்டி டிரைவர், ஆசீரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இரண்டு வாத்தியார்கள். ஐந்துதான். ஆறாவது ஆளாக எதிர்வீட்டுத் தாயுமானவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். யாரையும் பார்க்காமல் ஒரு மூலையைப் பிடித்தார்.

படியேறப் போனபோது லக்ஷ்மணன் நின்றார். "எப்படிப் போறது? தலை முன்னயா, கால் முன்னயா?"

ஆறு பேருக்கும் தெரியவில்லை. வெளியே எடுக்கும்போது கால் முன்னே என்பது ஊருக்கே தெரியும். உள்ளே கொண்டுவருவதற்கு முறை என்று ஒன்று இல்லை. யாரும் கொண்டுவந்ததில்லை. பாரம் தோளை அழுத்தியது. தாயுமானவனின் மூச்சுச் சத்தம் ஆசீருக்குக் கேட்டது. வாசலில் நின்றிருந்த ஒரு கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிச்சயமில்லாமல் மூடிக்கொண்டார்.

"நடந்து வர்ற மாதிரி வரட்டும்" என்றாள் லூர்துராணி. "காலு முன்னால."

ஈரத் தரையில் வழுக்கிவிடாமல் ஒவ்வோர் அடியாக வைத்து உள்ளே போனார்கள். ஃப்ரீசர் பெட்டி குளிர்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அப்பா கூடத்தில், தரை காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்போல் கிடந்தார். தாயுமானவன் கையைக் கழுவிக்கொண்டு போகும்போது, கரண்ட் போனால் தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆசீரிடம்தான் சொன்னார், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆசீர் விமான நிலையத்தில் நின்றான். கார் எடுத்துப் போகச் சொன்னார்கள். கையில் ஒரு பைதான் என்று அக்கா சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தாள். அதனால் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டான். விமானம் இறங்கியது. கயிறு கட்டிய பெட்டிகளும் போர்வைச் சுருள்களுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கட்டிப்பிடித்து, சிரித்து, வண்டி ஏறிப் போயிற்று. கடைசியில் அவள் வந்தாள். குளிர்காலத்துச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள். கால் வீங்கி, ஷூவின் கயிறு அவிழ்ந்து இழுபட்டது.

இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. அவள் அவன் மேல்சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பூசை?"

"நேத்து முடிஞ்சிருச்சு."

அவள் முகம் மாறுவதற்குள் அவசரமாகச் சொன்னான். "அப்பா வீட்டுலதான்க்கா இருக்காரு. திரும்பக் கூட்டிட்டு வந்துட்டோம்."

எதற்குத் திரும்ப, யார் சொன்னார்கள், தெருவில் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் அவள் கேட்கவில்லை. பதினாறு மணி இருபது நிமிடத்தை அவனும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு இனி வாழ்நாள் முழுக்க நேரம் இருந்தது.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். புதுக்கோட்டை ரோட்டில் வெயில் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. அவன் வேகமாகத்தான் ஓட்டினான். ஏழரைக்கு ஃபாதர் வருவதாகச் சொல்லியிருந்தார், எட்டரைக்கு எடுத்துவிட வேண்டும். சுப்பிரமணியபுரத்தில் ஒரு பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டினான். அக்காவின் கை அவன் தோளை இறுக்கியது.

"ஆசீர்."

"என்னக்கா?"

"மெதுவாப் போடா."

வேகத்தைக் குறைத்தான். தாண்டிய பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. டோல்கேட் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் போய்வந்த சாலை. ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குத் தெரியும்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

ஒன்பது நிமிடம் என்பது அவன் வாய்வரை வந்தது.

"தெரியலக்கா" என்றான்.

அவள் நெற்றியை அவன் முதுகில் சாய்த்தாள். அவன் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். தண்ணீர்க் கேன்கள் கட்டிய ஒரு மொபெட் ஹாரன் அடித்துவிட்டு அவர்களை முந்திச் சென்றது. பிறகு ஒரு சைக்கிள்.